இந்தியா, இலங்கை டாலர் கையிருப்பு: ஒப்பிட்டுப் பார்க்க எந்தத் தரவுத் தளம் கைகொடுக்கும்?

இரண்டு நாடுகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பைப் பல ஆண்டுகளுக்கு ஒப்பிட வேண்டுமானால், காசு கொடுக்காமலே எண் எடுக்க ஐந்து இடங்கள் உண்டு. நம் ரிசர்வ் வங்கியின் தரவுத் தளம், இலங்கை மத்திய வங்கியின் இணையதளம், சர்வதேச நாணய நிதியத்தின் (இனி ஐஎம்எஃப்) தரவுப் பக்கம், உலக வங்கியின் தரவுப் பக்கம், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கி நடத்தும் ஃப்ரெட். ஒரே நாட்டுக்கு, ஒரே ஆண்டுக்கு இடத்துக்கு இடம் வெவ்வேறு எண் வரும். எதிலும் பிழை இல்லை, ஒவ்வொன்றும் அளக்கும் பொருள்தான் வேறு. எது எதை அளக்கிறது என்று தெரியாமல் இங்கிருந்து ஒரு எண், அங்கிருந்து ஒரு எண் என்று எடுத்துக் கோடு போட்டால் வரைபடம் அழகாக இருக்கும், விஷயம் தப்பாக இருக்கும்.

சென்னையில் இந்த ஒப்பீட்டுக்குத் தேவை அதிகம். கோட்டூர்புரத்தில் பொருளாதாரம் படிக்கும் மாணவருக்கும், அண்ணா நகரில் குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகிறவருக்கும் இது பாடம். கொழும்புக்குச் சரக்கு அனுப்பும் பாரிமுனை வியாபாரிக்கோ இது கையில் பணம் வருமா வராதா என்ற கேள்வி. எதிர்க்கரையில் டாலர் தீர்ந்தால் முதலில் தெரிவது இங்குள்ள பில்களில்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒப்பீட்டுக்கு முதல் இடம் ஐஎம்எஃப்பின் கையிருப்புப் படிவத்துக்கு. அறுபது ஆண்டு நீளத்துக்கு ஒரு கோடு வேண்டுமென்றால் உலக வங்கி. சென்ற வாரம் என்ன ஆனது என்று பார்க்க ரிசர்வ் வங்கி. இலங்கை எண்ணுக்கு அடியில் உள்ள குறிப்பைப் படிக்க இலங்கை மத்திய வங்கி. ஃப்ரெட், படம் வரைய வசதியானது. ஆனால் தங்கத்தை விட்டுவிடும்.

இந்த வரிசைக்குக் காரணம் இரண்டு உரைகற்கள். ஒன்று 1991 மார்ச் இந்தியா, மற்றொன்று 2021 டிசம்பர் இலங்கை. இரண்டும் அந்தந்த நாடு டாலருக்குக் கையேந்துவதற்குச் சில மாதங்கள் முந்தைய தேதிகள். இரண்டிலும் மொத்தக் கையிருப்பு எண் மேலே ஏறியிருக்கிறது! இந்த ஏற்றம் ஏன் வந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும் தளமே நல்ல தளம்.

முதல் உரைகல்: 1991

ரிசர்வ் வங்கியின் இந்தியப் பொருளாதாரப் புள்ளிவிவரக் கையேட்டில் கையிருப்புக்கு ஓர் அட்டவணை உண்டு. 1950-51 தொடங்கி, ஒவ்வொரு நிதியாண்டு முடிவுக்கும் ஒரு வரி. தங்கம், எஸ்டிஆர் (ஐஎம்எஃப் தன் உறுப்பு நாடுகளுக்கு ஒதுக்கும் கையிருப்புச் சொத்து), அந்நிய நாணயச் சொத்து, மொத்தம் என்று பத்தி பத்தியாக இருக்கும். ரூபாயிலும் டாலரிலும் தனித்தனியாகத் தருகிறார்கள்.

1990 மார்ச் வரியில் மொத்தம் 3,962 மில்லியன் டாலர். 1991 மார்ச் வரியில் 5,834 மில்லியன். ஒரே ஆண்டில் 47 சதவீத ஏற்றம். குவைத் போரால் எண்ணெய் விலை எகிறி, வெளிநாட்டு வங்கிகள் கடனைப் புதுப்பிக்க மறுத்த ஆண்டில் கையிருப்பு எப்படி ஏறும்?

பக்கத்துப் பத்தியைப் பாருங்கள். அந்நிய நாணயச் சொத்து 3,368 மில்லியனிலிருந்து 2,236 மில்லியனுக்கு இறங்கியிருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஏறியது தங்கத்தின் பத்தி மட்டும்: 487 மில்லியனிலிருந்து 3,496 மில்லியன். புதிதாகத் தங்கம் வாங்கியதால் இது ஏறவில்லை. அதுவரை ரூபாய்க் கணக்கில் 10 கிராம் 84 ரூபாய் 39 காசு என்ற பழைய விலையில் எழுதிவந்த தங்கத்தை, 1990 அக்டோபர் 17 முதல் சர்வதேசச் சந்தை விலையை ஒட்டி மதிப்பிட ஆரம்பித்தார்கள். பெட்டகத்தில் இருந்த தங்கம் அதேதான். விலைச்சீட்டு மட்டும் மாறியது.

அடுத்து நடந்தது ஊரறிந்தது. நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன் அப்போது ரிசர்வ் வங்கி ஆளுநர். 1991 மே மாதம் 20 டன் தங்கம் ஸ்டேட் வங்கி வழியாக வெளிநாட்டில் விற்கப்பட்டது. ஜூலையில் ஏறக்குறைய 47 டன் பேங்க் ஆஃப் இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கி ஆகியவற்றின் பெயரில் ஈடு வைத்து 405 மில்லியன் டாலர் பெற்றார்கள். ஜூலை 1, 3 ஆகிய இரு தேதிகளில் ரூபாய் மதிப்பு குறைக்கப்பட்டது. மொத்தப் பத்தியை மட்டும் வைத்துக் கோடு போட்டவருக்கு இந்த நெருக்கடி வரப்போவதற்கான அறிகுறியே தெரியாது.

இந்த இடத்தில் ரிசர்வ் வங்கியின் கையேடு நல்ல மதிப்பெண் வாங்குகிறது. பத்திகளைப் பிரித்துத் தருகிறது, மதிப்பீட்டு முறை மாறிய தேதியை அடிக்குறிப்பில் சொல்கிறது. உலக வங்கி வேறு வழியில் தப்பிக்கிறது. அங்கே 'மொத்தக் கையிருப்பு, தங்கம் உட்பட' என்ற வரிசையில் எல்லா நாட்டுத் தங்கத்துக்கும் அந்தந்த ஆண்டு டிசம்பர் 31 லண்டன் விலையைப் போடுகிறார்கள். அதனால் 1990 இல் செயற்கையான தாவல் வராது. ஆனால் இரண்டையும் கலந்து, 1989 வரை ரிசர்வ் வங்கி எண், பிறகு உலக வங்கி எண் என்று ஒட்டுப்போட்டால் ஒட்டிய இடம் துருத்திக்கொண்டு நிற்கும். ஒரே வரிசையில் தொடங்கி அதிலேயே முடிப்பதுதான் சரி.

கையேட்டில் இன்னொரு முறிவும் இருக்கிறது. ஐஎம்எஃப்பில் இந்தியாவுக்குள்ள கையிருப்புப் பங்கு (செலுத்திய பங்குத்தொகையில் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளக்கூடிய பகுதி) 2004 ஏப்ரல் 2 இல் முடிந்த வாரத்திலிருந்துதான் ரிசர்வ் வங்கியின் மொத்தத்தில் சேர்ந்தது. தொகை பெரிதல்ல. ஆனாலும் 2004 க்கு முன்னும் பின்னும் ஒப்பிடும்போது மூன்று உறுப்புகளின் கூட்டுத்தொகையா, நான்கினுடையதா என்று ஒரு முறை கூட்டிப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது உரைகல்: 2021 டிசம்பர்

இலங்கை மத்திய வங்கி மாதம் ஒரு முறை, மாதம் முடிந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் கையிருப்பை வெளியிடுகிறது. 2019 இறுதியில் 7.6 பில்லியன் டாலர், 2020 இறுதியில் 5.7 பில்லியன், 2021 நவம்பர் இறுதியில் 1.6 பில்லியன் என்று இறங்கிய கோடு, அதே டிசம்பர் இறுதியில் 3.1 பில்லியனுக்குத் தாவியது. ஒரே மாதத்தில் இரு மடங்கு. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. நடுவில் நாலே மாதம்.

தாவலுக்குக் காரணம் சீன மத்திய வங்கியுடனான 10 பில்லியன் யுவான் ஸ்வாப். டாலரில் சுமார் 1.5 பில்லியன். ஸ்வாப் என்றால் நம் நாணயத்தைக் கொடுத்து அவர்கள் நாணயத்தை வாங்கிவைத்துக்கொண்டு, தவணை முடிந்ததும் மாற்றிக் கொடுப்பது. சொத்தில் ஏறும், அதே அளவு கடனிலும் ஏறும். கையிருப்பு என்று வெளியிடும் எண் சொத்தை மட்டும் காட்டுவதால் பெட்டி நிறைந்த மாதிரித் தெரியும். இந்த யுவானைப் பயன்படுத்தவும் நிபந்தனை இருந்தது. மூன்று மாத இறக்குமதிக்குப் போதிய கையிருப்பு இல்லாத நிலையில் அதைத் தொட முடியாது. அவசரத்துக்கு உதவவேண்டிய பணம், அவசரத்தில் இருக்கும்போது எடுக்க முடியாத பணமாக இருந்தது.

அதே மாதத்தில் தங்கத்தின் வரியையும் பார்க்க வேண்டும். 382 மில்லியன் டாலரிலிருந்து 175 மில்லியனுக்கு இறங்கியிருக்கிறது. மொத்தம் இரட்டிப்பான மாதத்திலேயே பாதிக்கு மேல் தங்கத்தை விற்றிருக்கிறார்கள். மொத்த எண் சொல்லாத கதையை இந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது.

2022 மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து 9,000 டன் அரிசி, 200 டன் பால் பவுடர், மருந்துகளுடன் தமிழக அரசின் முதல் நிவாரணக் கப்பல் கொழும்புக்குக் கிளம்பியது. அதற்கு இரண்டு வாரம் முன்பு, கையில் புழங்கும் டாலர் 50 மில்லியனுக்கும் குறைவு என்று இலங்கை நிதியமைச்சர் அலி சப்ரி நாடாளுமன்றத்தில் சொன்னார். அந்தச் சமயத்திலும் வெளியிடப்பட்ட கையிருப்பு எண் 1.8 பில்லியன் என்றே இருந்தது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் காட்டாத தளத்தை நம்பி ஒப்பீடு எழுதக் கூடாது.

இலங்கை மத்திய வங்கி இதை ஒளிக்கவில்லை. சீன ஸ்வாப் இந்த எண்ணில் அடக்கம், அதைப் பயன்படுத்த நிபந்தனை உண்டு என்று எண்ணோடு ஒட்டியே குறிப்புத் தருகிறது. ஆனால் அந்தக் குறிப்பு எக்செல் கோப்பாக இறக்கிய எண்ணோடு கூட வராது. உலக வங்கிக்கும் ஃப்ரெட்டுக்கும் போய்ச் சேராது. அதனால்தான் மூல இடத்தையும் ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்கிறோம்.

இலங்கைத் தளத்தில் நமக்கு மனம் நிறையும் விஷயம் ஒன்று உண்டு. அறிக்கைகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வருகின்றன. தமிழில் மத்திய வங்கி அறிக்கையைப் படிக்க வேண்டுமானால் இன்று கொழும்பின் தளத்துக்குத்தான் போகவேண்டும். ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரங்கள் தமிழில் வருவதில்லை. தேடும்போது சொல் மட்டும் கவனம். நாம் 'அந்நியச் செலாவணிக் கையிருப்பு' என்பதை அங்கே 'அலுவல்சார் ஒதுக்குகள்' என்று எழுதுகிறார்கள். 'கையிருப்பு' என்று தேடினால் பல அறிக்கைகள் சிக்காது.

ஐஎம்எஃப் படிவம் ஏன் முதல் இடம்

1997 ஆசிய நெருக்கடியில் தாய்லாந்தின் கையிருப்பு எண் பெரிதாக இருந்தது. ஆனால் அதில் பெரும்பகுதியை முன்பேர ஒப்பந்தங்களில் (பின்னொரு நாளில் டாலர் தருவதாக இன்றே விலை பேசிவைப்பது) ஏற்கெனவே விற்றிருந்தார்கள் என்பது பிறகு தெரியவந்தது. அந்தப் பாடத்திலிருந்து பிறந்ததுதான் இந்தப் படிவம். 'சர்வதேசக் கையிருப்பும் அந்நிய நாணயப் பணப்புழக்கமும்' என்ற தலைப்பில் இந்தியா, இலங்கை உட்படப் பல நாடுகள் ஒரே கட்டங்களை நிரப்புகின்றன. தேதி மாத இறுதி, நாணயம் பெரும்பாலும் டாலர். ஒப்பீட்டுக்கு இதைவிட நல்ல அடித்தளம் கிடையாது.

படிவம் நாலு பகுதி. முதல் பகுதியில் சொத்து: பத்திரங்கள், வைப்புத்தொகை, ஐஎம்எஃப் பங்கு, எஸ்டிஆர், தங்கம், பிற. தங்கத்துக்கு மதிப்போடு எடையும் ட்ராய் அவுன்ஸில் இருக்கும். இரண்டாம் பகுதியில் அடுத்த ஓராண்டுக்குள் நிச்சயமாக வெளியே போகவேண்டிய டாலர்: கடன் அசல், வட்டி, முன்பேர விற்பனை. அதை ஒரு மாதம் வரை, ஒன்று முதல் மூன்று மாதம், மூன்று மாதம் முதல் ஓராண்டு என்று மூன்று கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள். மூன்றாம் பகுதியில் வரலாம், வராமலும் போகலாம் என்ற வகைப் பொறுப்புகள். நான்காவது, துணைக் குறிப்புகள்.

முதல் பகுதியின் மொத்தத்திலிருந்து இரண்டாம் பகுதியின் ஓராண்டுக் கழிவுகளைக் கழித்தால் கிடைப்பதுதான் நாம் தேடும் எண். இலங்கைக்கு 2021, 2022 மாதங்களில் இந்தக் கழித்தலைச் செய்து பார்த்தால் டிசம்பர் தாவல் பெரிதும் அமுங்கிவிடும்.

இந்தியாவுக்கும் இந்தக் கழித்தல் தேவை. ரூபாயைத் தாங்கிப் பிடிக்க ரிசர்வ் வங்கி முன்பேரச் சந்தையில் டாலர் விற்கும்போது, வாராந்திரக் கையிருப்பு எண் அன்றைக்குக் குறையாது; ஒப்பந்தம் முடியும் நாளில்தான் குறையும். 2025 பிப்ரவரி, மார்ச் மாத இறுதிகளில் இப்படி நிலுவையில் இருந்த நிகர விற்பனை 80 பில்லியன் டாலரைத் தாண்டியிருந்தது. படிவம் ஓராண்டு வரையிலான தவணைகளையே காட்டும். ஓராண்டுக்கு மேற்பட்டதற்கு ரிசர்வ் வங்கியின் மாத புல்லட்டினில், அமெரிக்க டாலர் கொள்முதல்-விற்பனை அட்டவணைக்குத் துணையாக வரும் தவணைவாரி அட்டவணையைப் பார்க்க வேண்டும். அது இரண்டு மாதம் தாமதமாகவே வரும்.

குறையும் உண்டு. இந்தப் படிவ வரிசை பழைய காலத்துக்குப் போகாது, இலங்கையின் வரிசை இந்தியாவினுடையதைவிடக் குட்டை. 1991 ஐ இதில் பார்க்க முடியாது. ஐஎம்எஃப் தளத்தில் தொகுப்பின் பெயர்களும் அடிக்கடி பார்த்தவர்களுக்கே பழகும் வகையில் இருக்கின்றன. முதல் தடவை சரியான தொகுப்பைக் கண்டுபிடிக்கவே அரைமணி நேரம் ஒதுக்கிக்கொள்வது நல்லது.

ரிசர்வ் வங்கியின் வெள்ளிக்கிழமை எண்

வாராந்திரப் புள்ளிவிவர இணைப்பு வெள்ளிக்கிழமை மாலை வரும். அதில் இருப்பது முந்தைய வெள்ளியோடு முடிந்த வாரத்தின் நிலை. ஒரு வாரத் தாமதம் மட்டும் என்பது பெரிய வசதி. செய்தித்தாளில் சனிக்கிழமை வரும் எண் இதுதான்.

இதில் இரண்டு பொறி. முதலாவது, நாணய மாற்று மதிப்பு. அந்நிய நாணயச் சொத்தில் டாலர் மட்டும் இல்லை. யூரோ, பவுண்டு, யென் எல்லாம் உண்டு. டாலர் வலுத்தால் அவற்றின் டாலர் மதிப்பு குறைந்து, ஒரு காசுகூட விற்காமல் கையிருப்பு இறங்கும். 2021 டிசம்பர் 31 இல் 633.6 பில்லியன், 2022 டிசம்பர் 30 இல் 562.9 பில்லியன். இந்த 71 பில்லியனும் விற்றுத் தீர்த்தது என்று எழுதினால் தவறு. எவ்வளவு விற்பனை, எவ்வளவு மதிப்பீட்டு இழப்பு என்பதைப் பிரிக்க, 'கையிருப்பு மாற்றத்துக்கான காரணிகள்' என்ற தனிக் குறிப்பை ரிசர்வ் வங்கி வெளியிடுகிறது. 2022-23 நிதியாண்டில் கையிருப்பு 28.9 பில்லியன் குறைந்தது. அதில் 19.7 பில்லியன் மதிப்பீட்டு இழப்பு. உண்மையில் வெளியே போனது 9.1 பில்லியன்தான். இந்தக் குறிப்பை அதிகம் பேர் திறப்பதில்லை. ரிசர்வ் வங்கித் தளத்தில் நாம் மிகவும் மதிப்பது இதைத்தான்.

இரண்டாவது பொறி ரூபாய்ப் பத்தி. உள்நாட்டு நாணயத்தில் கையிருப்பை ஒப்பிடவே கூடாது. 2022 இல் இந்தியக் கையிருப்பு டாலரில் 11 சதவீதம் இறங்கியது. டாலர் 74 ரூபாயிலிருந்து 82 ரூபாய்க்கு மேல் போனதால் ரூபாயில் ஏறக்குறைய அப்படியே நின்றது. இலங்கையில் நிலைமை இன்னும் மோசம். 3.1 பில்லியன் 1.9 பில்லியனாக இறங்கிய அதே ஆண்டில் டாலரின் விலை சுமார் 200 இலங்கை ரூபாயிலிருந்து 363 ரூபாய்க்குப் போனது. பெருக்கிப் பாருங்கள்: இலங்கை ரூபாயில் கையிருப்பு கூடியிருக்கும்!

வாராந்திர எண்ணில் தங்கத்தின் எடை இருக்காது. அதற்கு மார்ச், செப்டம்பர் இறுதி நிலையைச் சொல்லும் அரையாண்டு அறிக்கை வேண்டும். எத்தனை டன், அதில் நாட்டுக்குள் எவ்வளவு, பேங்க் ஆஃப் இங்கிலாந்திடம் எவ்வளவு, சொத்தில் எவ்வளவு பத்திரம், எவ்வளவு வைப்பு என்று எல்லாம் அதில் உண்டு. 2025 மார்ச் இறுதியில் மொத்தம் சுமார் 880 டன். ஒரு டன் 32,150.7 ட்ராய் அவுன்ஸ். ஆக ஏறக்குறைய 28.3 மில்லியன் அவுன்ஸ். அவுன்ஸ் விலை 100 டாலர் ஏறினால் இந்தியாவின் கையிருப்பு 2.8 பில்லியன் டாலர் தானாகவே ஏறும். இலங்கையிடம் இப்போது ஒரு டன்னுக்கும் குறைவான தங்கமே இருப்பதால் அங்கே இந்த ஏற்றம் தெரியவே தெரியாது. 2024, 2025 ஆண்டுகளை ஒப்பிடும்போது தங்கம் நீக்கிய கோட்டையும் பக்கத்தில் போடாவிட்டால், சந்தை விலை செய்த வேலையை இந்தியாவின் சேமிப்பு என்று எண்ணிவிடுவோம்.

உலக வங்கியும் ஃப்ரெட்டும்

நீண்ட கால ஒப்பீட்டுக்கு உலக வங்கியை அடித்துக்கொள்ள ஆளில்லை. 1960 முதல் ஆண்டு வரிசை. இரு நாட்டையும் தேர்ந்தெடுத்தால் உடனே படம். தங்கம் உட்பட, தங்கம் நீங்கலாக, இறக்குமதி மாதக் கணக்கில் (எத்தனை மாத இறக்குமதிக்குக் கையிருப்பு போதும் என்று), குறுகிய காலக் கடனுக்கு எதிரான விகிதம் என நாலு வரிசைகள் தனித்தனியே இருக்கின்றன.

எக்செல்லாக இறக்கினால் முதல் மூன்று வரிகளில் தலைப்புத் தகவல்தான் இருக்கும். நாலாவது வரியில்தான் பத்திப் பெயர்கள். ஆண்டுகள் குறுக்கே ஓடும். டிரான்ஸ்போஸ் செய்து நெடுக்கே மாற்றிக்கொண்டால்தான் படம் வரைய வசதி.

இங்கே கவனிக்க வேண்டியது தேதி. உலக வங்கியின் ஆண்டு டிசம்பரில் முடிகிறது. ரிசர்வ் வங்கிக் கையேட்டின் ஆண்டு மார்ச்சில். 'இந்தியா 1991' என்றால் கையேட்டில் நெருக்கடிக்கு முந்தைய நிலை, உலக வங்கியில் நெருக்கடி தணியத் தொடங்கிய நிலை. அந்த ஒன்பது மாத இடைவெளியில்தான் எல்லாம் நடந்தது. ஆண்டு எண்ணை மட்டும் வைத்து வாதாடுகிற பலர் இந்த இடத்தில்தான் ஒருவரையொருவர் தவறு என்கிறார்கள்.

இறக்குமதி மாதக் கணக்கும் அப்படியே. உலக வங்கி பொருள் இறக்குமதியோடு சேவை இறக்குமதியையும் சேர்த்து வகுக்கிறது. ரிசர்வ் வங்கியின் அரையாண்டு அறிக்கை பொருள் இறக்குமதியை மட்டும் வைத்து வகுப்பதால் மாதம் கூடுதலாக வரும். இந்தியாவுக்கு ஒன்று, இலங்கைக்கு மற்றொன்று என எடுத்துவிடாதீர்கள்.

மூன்று மாத இறக்குமதி இருந்தால் போதும் என்ற பழைய கணக்கை மட்டும் நம்பவும் வேண்டாம். பிற்காலத்தில் கோட்டூர்புரம் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் தலைவராக இருந்த சி. ரங்கராஜன் தலைமையிலான அந்நியச் செலுத்துநிலைக் குழு, 1991 நெருக்கடிக்குப் பிறகு இதைத்தான் அழுத்திச் சொன்னது: இறக்குமதியோடு சேர்த்து, குறுகிய காலத்தில் திருப்பித்தர வேண்டிய கடனையும் கையிருப்புக்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டும். குறுகிய காலக் கடன் என்பதிலும் இரண்டு அர்த்தம் உண்டு. வாங்கும்போதே ஓராண்டுக்குள் கட்டுவதாக வாங்கிய கடன் ஒன்று. எப்போது வாங்கியிருந்தாலும் அடுத்த ஓராண்டுக்குள் கட்டவேண்டி வருவது இன்னொன்று. உலக வங்கி வரிசையில் இருப்பது முதலாவது. இலங்கையை அடித்தது இரண்டாவது: பல ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டுச் சந்தையில் கடன் வாங்க அரசு விற்ற சர்வதேச இறையாண்மைப் பத்திரங்கள் வரிசையாக முதிர்ந்தன. 2022 ஜனவரி 18 அன்று மட்டும் 500 மில்லியன் டாலர் கட்டினார்கள். உலக வங்கியின் விகிதத்தில் இந்தச் சுமை முழுசாகத் தெரியாது.

ஃப்ரெட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐஎம்எஃப்பிலிருந்து எடுத்த வரிசையை அழகாகக் காட்டும். ஒரே படத்தில் இரண்டாவது கோடு சேர்ப்பது, ஒரு தேதியை 100 ஆக வைத்துக் குறியீடாக்குவது எல்லாம் இரண்டு சொடுக்கில் முடியும். ஆனால் அது தங்கம் நீங்கலான கையிருப்பு என்பதைத் தலைப்பிலேயே படித்துவிட வேண்டும்.

ஒரு நாளில் செய்துமுடிக்க

ஒரு தாளில் இந்தப் பத்திகளைப் போட்டுக்கொள்ளுங்கள்: மாத இறுதித் தேதி, நாணயச் சொத்து, தங்க மதிப்பு, தங்க அவுன்ஸ், எஸ்டிஆர், ஐஎம்எஃப் பங்கு, மொத்தம், ஓராண்டுக் கழிவு, நிகரம். நாட்டுக்கு ஒரு தாள். ஐஎம்எஃப் படிவத்திலிருந்து நிரப்பியதும் உறுப்புகளைக் கூட்டி மொத்தத்தோடு சரிபாருங்கள். கடைசி இலக்கத்தில் வித்தியாசம் வந்தால் அது முழுமையாக்கியதால் வருவது. அதற்கு மேல் வந்தால் ஏதோ ஒரு பத்தி விடுபட்டிருக்கிறது.

தங்க மதிப்பை அவுன்ஸால் வகுத்தால் அவர்கள் வைத்த விலை கிடைக்கும். அது அந்த மாதச் சந்தை விலைக்கு அருகில் இல்லாவிட்டால் அலகில் பிழை. பெரும்பாலும் மில்லியன் அவுன்ஸை ஆயிரம் அவுன்ஸ் என்று படித்திருப்போம்.

2021 ஆகஸ்ட் 23 ஐத் தனி நிறத்தில் குறித்துவையுங்கள். அன்று ஐஎம்எஃப் 650 பில்லியன் டாலர் மதிப்புள்ள எஸ்டிஆரை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பங்கீடு செய்தது. இந்தியாவுக்கு சுமார் 17.9 பில்லியன், இலங்கைக்கு சுமார் 787 மில்லியன். ஏற்றுமதி செய்தோ கடன் வாங்கியோ வந்த பணம் இல்லை இது. இந்தியக் கோட்டில் இது சிறு மேடு. இலங்கைக் கோட்டில், அப்போதிருந்த நிலைக்கு, பெரிய மேடு. அது நிலைமை திரும்பிவிட்டது போலத் தோன்றும், ஆனால் அடுத்த மாதங்களிலேயே கரைந்துவிடும்.

படம் வரையும்போது இரண்டு நாட்டையும் ஒரே சாதாரண அளவுகோலில் போட்டால் இலங்கை அடிக்கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். அளவு நூறு மடங்கு வித்தியாசம். மடக்கை அளவுகோல் (ஒவ்வொரு படியும் முந்தையதைப் போலப் பத்து மடங்கு) போடுங்கள், அல்லது இறக்குமதி மாதக் கணக்குக்கு மாறுங்கள். இடப்பக்கம் ஒரு அளவு, வலப்பக்கம் ஒரு அளவு என்று இரட்டை அச்சு மட்டும் வேண்டாம். அளவைச் சற்று நகர்த்தினாலே இரண்டு கோடும் ஒன்றாகப் போவதாகவோ எதிரெதிராகப் போவதாகவோ காட்டிவிடலாம். குறியீடாக்கினால் தொடக்க மாதத்தைச் சொல்லியே ஆகவேண்டும். 2022 டிசம்பரை 100 என்று வைத்தால், 2024 இறுதியில் 6.1 பில்லியனுக்கு மீண்ட இலங்கை 320 ஐத் தாண்டி நிற்கும். இந்தியா 114 இல் இருக்கும். 2019 டிசம்பரை 100 என்று வைத்தால் அதே இலங்கை 80 இல் நிற்கும்.

பழைய ஆண்டுகளுக்கு இணையத்தில் இருக்கும் எண்ணை அச்சில் வந்ததோடு சரிபார்க்க நினைப்பவர்கள் அடையாறு காந்தி நகரில் உள்ள எம்ஐடிஎஸ் (மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெவலப்மென்ட் ஸ்டடீஸ்) நூலகத்தையும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும் விசாரித்துப் பார்க்கலாம். ரிசர்வ் வங்கியின் பழைய ஆண்டறிக்கை கிடைத்தால் 1990-91 க்கானதை முதலில் கேளுங்கள். தங்கத்தின் மதிப்பீடு மாறியதை அது வெளிவந்த காலத்துச் சொற்களிலேயே படிக்கலாம்.